கடைக்குட்டியின் பங்கு

"நம்பர் இருக்கா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்கக்கா," என்றார் மெக்கானிக்.

கடைக்குட்டி டிராக்டருக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தாள். ஒரு கையில் டார்ச், இன்னொரு கையில் தேய்ந்துபோன பல் பிரஷ், வாய் நிறைய துரு.

"இருக்கு. பாதிதான் இருக்கு. ஏழு, மூணு, அதுக்கப்புறம் ஒரு பல்லி முட்டை."

"பல்லி முட்டையை வெச்சு எந்தக் கம்பெனின்னு சொல்ல முடியாதுக்கா. நல்லா தேய்ங்க."

தேய்த்தாள். பல்லி முட்டை போனது. அதற்குக் கீழே இருந்த எண்ணும் கூடவே உதிர்ந்து போனது.

வண்டியின் பெயர் பொறித்த தகடு எந்தக் காலத்திலோ விழுந்துவிட்டது. என்ன வண்டி என்று தெரியாமல் ஒரு வாஷர்கூட வாங்க முடியாது. கடையில் கேட்கும் முதல் கேள்வியே அதுதான். இந்த லட்சணத்தில் மெக்கானிக்கும் டிராக்டர் மெக்கானிக் இல்லை, பம்ப்செட் மெக்கானிக். நிஜமான டிராக்டர் மெக்கானிக்குகள் மூன்று பேர் வந்து பார்த்தார்கள், உச்சுக் கொட்டினார்கள், டீ குடித்தார்கள், போனார்கள். "எல்லாம் எஞ்சின்தானேக்கா, பாத்துக்கலாம்" என்று சொன்னவர் இவர் ஒருவர்தான். ஆழம் தெரியாமல் காலை விடுவதற்கும் ஓர் ஆள் வேண்டும் அல்லவா?

கடைக்குட்டிக்கு வயது நாற்பத்திரண்டு. மூன்றாவதாகப் பிறந்த குற்றத்துக்கு வீட்டில் இன்னமும் கடைக்குட்டிதான். குடிநீர் அலுவலகத்தில் புகார்ப் பிரிவில் வேலை. தண்ணீர் வரவில்லை, வந்தது நாறுகிறது, பக்கத்து வீட்டுக்காரன் மோட்டார் வைத்து உறிஞ்சுகிறான் என்று ஊரார் கோபத்தையெல்லாம் இருபது வருஷமாக எழுதிக்கொண்டிருந்தாள். அவளுடைய சொந்தக் கோபம் அத்தனையும் செலவாகாமல் அப்படியே கிடந்தது.

அது வெளியே வந்தது, அப்பா தன் கைப்பட எழுதிவைத்துவிட்டுப் போன காகிதத்தைப் பிரித்துப் படித்த அன்றைக்கு. பெரியவனுக்கு வீடு. சின்னவனுக்கு வயல். பெண்ணுக்கு டிராக்டர்.

மூன்றாவது வரியைப் படித்ததும் பெரியண்ணன் சிரித்துவிட்டார். "டிராக்டரா? அதை எடைக்குப் போடணும்னாலும் இரும்புக்கடைக்காரன் யோசிப்பான்."

பெரியண்ணன் சிரித்தால் தானும் சிரிப்பது சின்னண்ணனின் வழக்கம். அவரும் சிரித்தார்.

கடைக்குட்டிக்கு டிராக்டர் வேண்டியிருந்ததா என்றால், சத்தியமாக இல்லை. அவள் குடியிருப்பது மூன்றாம் மாடி. ஆனால் அந்தச் சிரிப்பைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. ஆண்பிள்ளைக்குக் கொடுத்தால் சொத்து, எனக்குக் கொடுத்தால் வேடிக்கையா என்று உடம்பெல்லாம் எரிந்தது.

"அது ஓடும்," என்றாள்.

"எது?"

"அப்பாவோட டிராக்டர். நான் ஓட்டிக் காட்டறேன்."

"நீயா? அது தானா நகர்ந்து ரோட்டுக்கு வந்துட்டா, அந்தக் கொட்டகையும் அது இருக்கிற இடமும் உனக்கேதான், போ."

"எழுதுங்க."

"என்னது?"

"இப்ப வாயால சொன்னீங்களே, அதை எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டோம் என்று பெரியண்ணனுக்குப் புரிவதற்குள் காகிதமும் பேனாவும் அவர் முன்னால் இருந்தன. கொட்டகை ரோட்டைப் பார்த்த இடம். அதை இடித்துவிட்டு அங்கே இரண்டு கடை கட்டுவதாக இருந்தார். ஆனாலும் நாலு பேர் முன்னால் சொன்ன சொல். கடைக்குட்டி சொல்லச் சொல்ல எழுதினார். தன் பங்குக்கு ஒரு வரி சேர்த்தார்: அடுத்த மாதக் கடைசி ஞாயிறு, பகல் பன்னிரண்டு மணிக்குள். தவறினால் வண்டி இரும்புக்கடைக்கு.

மறுநாளே கடைக்குட்டி அலுவலகத்தில் சேர்ந்துபோயிருந்த விடுப்பையெல்லாம் மொத்தமாக எடுத்துக்கொண்டு பிறந்த வீட்டில் வந்து இறங்கினாள்.

அவள் பிறந்ததிலிருந்து அந்த வண்டி நகர்ந்து பார்த்ததில்லை. சுவரைப் பார்த்து மூக்கை வைத்துக்கொண்டு, முறைத்துக்கொண்டு போன மாப்பிள்ளை மாதிரி கொட்டகைக்குள் நின்றது. ஆனால் அப்பா சொன்ன கதைகளுக்குக் குறைவில்லை. மழைக்கு முன்னால் ஒரே மூச்சில் மொத்த வயலையும் உழுதது, சேற்றில் மாட்டிய லாரியை இழுத்துப் போட்டது, எல்லாம் அவளுக்கு மனப்பாடம்.

"ஏம்மா, இவ்வளவு நல்லா ஓடின வண்டியை எதுக்கு நிறுத்தினீங்க?" என்று அம்மாவைக் கேட்டாள்.

அம்மா டீ கொண்டுவந்திருந்தாள். "பெரியவன் பொறந்துட்டான்," என்றாள்.

"பிள்ளை வந்ததும் பொறுப்பும் வந்துடும்," என்று மெக்கானிக் தலையாட்டினார். அவருக்கு இரண்டு பிள்ளைகள்.

எண் உதிர்ந்துபோனதால் அடுத்த வழி நிறம். வண்டி சிவப்பு. அப்படியானால் சிவப்பு வண்டிக் கம்பெனி என்று இருவரும் ஒரு மனதாக முடிவு செய்தார்கள். அந்தக் கம்பெனியின் பழைய மாடலுக்கு, எஞ்சின் மூடிக்கு அடியில் வைக்கும் ஒரு கேஸ்கெட்டைத் தேடிப் பிடித்து, ஆறு நாள் காத்திருந்து வரவழைத்தார்கள். எஞ்சின் மேல் வைத்துப் பார்த்தால் அதிலிருந்த ஓட்டைகளில் ஒன்றுகூடப் பொருந்தவில்லை.

"திருப்பி வெச்சுப் பாருங்க தம்பி."

"எப்படி வெச்சாலும் இது வேற வீட்டுப் பொண்ணுக்கா. இங்க ஒட்டாது."

சிவப்பைக் கொஞ்சம் சுரண்டினாள். அடியில் நீலம். அப்படியானால் நீல வண்டிக் கம்பெனி. எஞ்சினுக்கு நீலக் கம்பெனியின் கேஸ்கெட் கனகச்சிதமாக உட்கார்ந்தது. கடைக்குட்டிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அதே சந்தோஷத்தில் கியர் பெட்டிக்கும் நீலக் கம்பெனிச் சாமான்களை எழுதி வரவழைத்தாள். ஒன்றும் சேரவில்லை. பெட்டியைச் சுரண்டினால் அங்கே நீலத்துக்கு அடியில் சாம்பல் நிறம்.

"அது வந்து..." என்று அம்மா டீ தம்ளரோடு நின்றாள்.

"வெச்சுட்டுப் போம்மா. துணியில கிரீஸ் பட்டுடும்."

அம்மா வைத்துவிட்டுப் போனாள்.

கடைசியில் இரும்புக்கடைக்காரரையே கூப்பிட்டார்கள். நாற்பது வருஷமாகச் செத்த வண்டிகளைப் பார்த்தே பிழைப்பவர். அவர் கையில் சின்னச் சுத்தியல். முன்னால் ஒரு தட்டு, நடுவில் ஒரு தட்டு, பின்னால் ஒரு தட்டு. காதை வைத்துக் கேட்டார்.

"என்ன வண்டிங்க இது?" என்றாள் கடைக்குட்டி.

"எதைக் கேக்கறீங்கம்மா? இங்க மூணு வண்டி நிக்குது. எஞ்சின் நீலம். பெட்டியும் பின்பக்கமும் சாம்பல். முன் ஆக்சில் சிவப்பு. மூணு கம்பெனிக்காரனும் ஒருத்தன் மூஞ்சில ஒருத்தன் முழிக்க மாட்டான். இது எப்படி ஒண்ணா நிக்குதுன்னுதான் எனக்குப் புரியல."

குனிந்து, எஞ்சினுக்கும் பெட்டிக்கும் நடுவே இருந்த கனத்த இரும்புத் தட்டைத் தடவிப் பார்த்தார். இரண்டு கம்பெனிகளையும் சேர்த்துக் கட்டிவைத்திருந்தது அந்தத் தட்டுதான். ஓட்டைகளைக் கையாலேயே துளைத்திருந்தார்கள்.

"மயிரிழை தப்பல. இதை வெட்டின கை லேசுப்பட்ட கை இல்லம்மா."

கடைக்குட்டி அந்தத் தட்டைத் தானும் ஒரு தடவை தடவினாள். "அப்பா," என்றாள்.

விஷயம் பெரியண்ணன் காதுக்குப் போய்விட்டது. மத்தியானம் கொட்டகை வாசலில் வந்து நின்றார். "மூணு வண்டியாமே. யாரோ அப்பா தலையில நல்லா மிளகாய் அரைச்சிருக்காங்க. எதுக்கு வீம்பு? விட்டுடு."

"மூணா இருந்தா மூணையும் ஓட்டறேன்," என்றாள் அவள்.

அன்றிலிருந்து மூன்று கம்பெனிச் சாமான்களையும் இரும்புக்கடைக்காரரின் குவியலில் அவளே போய்ப் பொறுக்கினாள். ஞாயிற்றுக்கிழமை வண்டியை எடுத்துப் போகப் பெரியண்ணன் ஏற்பாடு செய்திருந்த லாரியும் அந்தக் கடைக்காரருடையதுதான். "ஓடினா சாமான் கொடுத்தவன் நான், ஓடலன்னா வண்டி எடுக்கறவன் நான். எனக்கு ரெண்டுமே நல்ல நாள்தாம்மா," என்றார் அவர். ஒளிவுமறைவு இல்லாத மனுஷர்.

எஞ்சின் இறுகிப்போயிருந்தது. சிலிண்டர்களில் எண்ணெய் ஊற்றி ஒரு வாரம் ஊறப்போட்டார்கள். எட்டாம் நாள் கடப்பாரையைக் கொடுத்து மெக்கானிக் ஒரு பக்கமும் கடைக்குட்டி ஒரு பக்கமுமாகத் தம் பிடித்தார்கள். முதலில் அசையவில்லை. பிறகு ஒரேயடியாகச் சுற்றியது. உள்ளே ஊறிக்கொண்டிருந்த எண்ணெய் அத்தனையும் பீய்ச்சிக்கொண்டு ஜன்னல் வழியாகப் போய், பெரியண்ணன் முந்தின நாள்தான் வெள்ளையடித்து முடித்திருந்த வீட்டுச் சுவரில் ஆள் உயரத்துக்கு விழுந்தது.

பெரியண்ணன் சுவரைப் பார்த்தார். தங்கையைப் பார்த்தார். "இதுக்கு என்ன அர்த்தம்?"

"எஞ்சின் சுத்துதுன்னு அர்த்தம்."

பெரியண்ணன் திரும்பினார். நேராகப் போய்க் கொட்டகைக்கு வரும் மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டார். கொட்டகையில் இருந்ததே ஒரு ஜன்னல். பட்டப்பகலிலும் உள்ளே கையைக் காட்டினால் கை தெரியாது. அன்றிலிருந்து டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு வேலை பார்த்தார்கள். ஒருவரோடு ஒருவர் பேசுவதே நின்றுபோனது.

கடைசி வாரம். புதன்கிழமை காலை எஞ்சின் நாலு தடவை இருமி, கரும்புகையாகத் துப்பி, பிடித்துக்கொண்டது. கடைக்குட்டி அழுதாள். மெக்கானிக்கும் அழுதார். ஆனால் அவருக்குப் புகையினால்.

"ரிவர்ஸ் போடுங்கக்கா. அப்படியே வெளிய எடுத்துடலாம்."

போட்டாள். கரகரவென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பெட்டியைத் திறந்து பார்த்தால் ரிவர்ஸ் பல்சக்கரத்தில் பல் என்று சொல்ல ஒன்றுமில்லை, பொக்கை. சாம்பல் கம்பெனி எப்போதோ மூடிவிட்ட கம்பெனி. மாற்றுச் சக்கரம் எங்கும் கிடையாது.

"ரிவர்ஸ் அப்பவே போயிடுச்சே," என்றாள் அம்மா.

"இதை முதல்லயே சொல்லக் கூடாதாம்மா?"

"யாராவது கேட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு அம்மா தம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு போனாள்.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை. முன்னால் போக நாலு கியர் உண்டு. ஆனால் முன்னால் இருப்பது சுவர். வாசல் இருப்பது பின்னால். பின்னால் போக வழியில்லை.

"சுவரை இடிச்சுடட்டுமா?" என்று பெரியண்ணனிடம் போய்க் கேட்டாள்.

"சுவத்தில கை வெச்சா போலீசுக்குப் போவேன். சுவர் இன்னும் என்னுது."

கடைக்குட்டி திரும்பி வந்து டிராக்டரின் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்தாள். முதன்முதலாகப் பயம் வந்தது. இவ்வளவும் செய்து, கடைசியில் அந்தச் சிரிப்பை இன்னொரு தடவை கேட்க வேண்டியிருக்குமோ?

"சும்மா உக்காந்திருக்கிற நேரத்துல ஜாக்கி போட்டுச் சக்கரத்தைச் சுத்தினா பின் ஆக்சில்ல வர்ற கடமுடா சத்தத்தையாவது பாத்துடறேன்க்கா," என்றார் மெக்கானிக். அவருக்குக் கை சும்மா இருந்தால் மனசு கேட்காது.

திறந்தார். ஒரு பேரிங் நொறுங்கியிருந்தது. உள்ளே இருந்த பெரிய பல்சக்கரத்தைச் சாக்குமேல் எடுத்து வைத்தார். பேரிங்கை மாற்றினார். டார்ச்சைக் கவ்வியபடியே எல்லாவற்றையும் மறுபடி உள்ளே மாட்டி, மூடி, முறுக்கினார். அதற்கே வெள்ளிக்கிழமை ஆகிவிட்டது.

"சத்தம் போயிடுச்சான்னு பாக்கலாம். ஃபர்ஸ்ட் போட்டு, சுவத்துல இடிக்காம ஒரு முழம் விடுங்க."

கடைக்குட்டி முதல் கியர் போட்டுக் கிளட்சை விட்டாள். சத்தம் போயிருந்தது. ஆனால் வண்டி ஒரு முழம் பின்னால் வந்து மெக்கானிக்கின் டூல்ஸ் பெட்டிமேல் ஏறி நின்றது.

இரண்டாவது கியர் போட்டாள். இன்னும் வேகமாகப் பின்னால் வந்தது.

மெக்கானிக்கின் முகம் வெளுத்துவிட்டது. தலையில் கையை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். "பெரிய சக்கரத்தைப் பக்கம் மாத்தி மாட்டிட்டேன்க்கா. இருட்டுல தெரியல. அப்படி மாட்டினா எல்லாமே தலைகீழாச் சுத்தும். நாலு கியரும் பின்னாடிதான் போகும். திரும்பப் பிரிச்சு மாட்ட ரெண்டு நாள் ஆகும். என்னை மன்னிச்சிடுங்க. பம்ப்செட்டுக்கு முன்னாடி பின்னாடின்னு ஒண்ணும் கிடையாதுக்கா."

அவள் எஞ்சினை அணைத்தாள்.

"தம்பி."

"திட்டுங்கக்கா."

"கொட்டகை வாசல் எந்தப் பக்கம் இருக்கு?"

மெக்கானிக் வாசலைப் பார்த்தார். டிராக்டரைப் பார்த்தார். மெல்ல எழுந்து நின்று பின்புறத்துத் தூசியைத் தட்டிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை பதினொன்றரைக்குத் தெருவே வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டது. இரும்புக்கடைக்காரரின் லாரி கொஞ்சம் தள்ளி நின்றது. பெரியண்ணன் முன்யோசனைக்காரர். தன் காரைக் கொண்டுவந்து கேட்டுக்குக் குறுக்காக நிறுத்தியிருந்தார். சின்னண்ணன் அவருக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றார்.

கொட்டகைக்குள் இருமல் கேட்டது. கரும்புகை வந்தது. புகைக்குப் பின்னால் டிராக்டரின் பின்பக்கம் வந்தது. மேலே கடைக்குட்டி கழுத்தை ஒடித்துத் திரும்பிப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"இது செல்லாது," என்று பெரியண்ணன் கத்தினார். "பின்னாடி வருது. பின்னாடி வந்தா செல்லாது."

"காகிதத்துல அப்படி எழுதியிருக்கா?"

"டிராக்டர்னா முன்னாடிதான் போகும். அதை வேற எழுதணுமா?"

"தானா நகர்ந்து ரோட்டுக்கு வரணும். அவ்வளவுதான் எழுதியிருக்கு. எந்தப் பக்கமா வரணும்னு இல்ல. இருபது வருஷம் புகார் எழுதினவ நான். எதை எழுதணும், எதை விடணும்னு எனக்குத் தெரியும். காரை எடுங்க."

"எடுக்க முடியாது. என்ன பண்ணுவே?"

"நான் ஒண்ணும் பண்ண மாட்டேன். அது வந்துட்டே இருக்கும்."

வந்துகொண்டேதான் இருந்தது. ஆள் நடக்கிற வேகம். மெக்கானிக் பக்கத்திலேயே நடந்து வந்தார்.

"அண்ணே, ஒரு விஷயம்," என்றார் மரியாதையாக. "பிரேக் இன்னும் போடல."

பெரியண்ணன் சட்டைப் பையைத் தடவினார். சாவி இல்லை. வேட்டி மடிப்பைத் தடவினார். அங்கேயும் இல்லை. சாவி சின்னண்ணனிடம் இருந்தது. சின்னண்ணன் குடையை மடக்கிவிட்டுத்தான் பைக்குள் கையை விட்டார், அவர் எதையும் நிதானமாகச் செய்கிறவர். கார் கிளம்பி ஒதுங்கியபோது டிராக்டரின் சக்கரத்துக்கும் கார்க் கதவுக்கும் நடுவே ஒரு சாண் இடம் இருந்தது.

டிராக்டர் கேட்டைத் தாண்டியது. ரோட்டுக்கு வந்தது. கடை கட்டுவதற்காகப் பெரியண்ணன் ரோட்டோரம் கொட்டி வைத்திருந்த மணல் குவியலில் பின்சக்கரம் பாதி ஏறி, எஞ்சின் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. மணி பதினொன்று ஐம்பது. எதிர்வீட்டு மாடியில் யாரோ கை தட்டினார்கள். இரும்புக்கடைக்காரர் தன் லாரி டிரைவரைப் பார்த்து, போகலாம் என்று சைகை காட்டினார்.

கடைக்குட்டி இறங்கவில்லை. முகமெல்லாம் கரி. காகிதத்தை எடுத்துப் பெரியண்ணன் பக்கம் நீட்டினாள். "கொட்டகை எனக்கு. சிரிக்கறதுன்னா இப்ப சிரிங்க, கேப்போம்."

பெரியண்ணனுக்குச் சிரிப்பு வரவில்லை. தோற்றவனுக்கு மிச்சம் இருப்பது வாய் ஒன்றுதான். "ஜெயிச்சுட்டதா நினைக்காதே. அப்பா ராஜா மாதிரி ஓட்டின வண்டி இது. அதை இப்படிப் பின்னாடியே உருட்டிக்கிட்டு வந்து, தெருவே பாத்துச் சிரிக்கிற மாதிரி நிறுத்தியிருக்கே. அவர் இருந்திருந்தா மனசு உடைஞ்சிருப்பாரு."

"அப்பா எனக்குன்னு எழுதி வெச்ச வண்டி. முன்னாடியும் ஓட்டுவேன், பின்னாடியும் ஓட்டுவேன். கேக்கறதுக்கு யாருக்கும் உரிமை இல்ல."

கூட்டத்தை விலக்கிக்கொண்டு அம்மா வந்தாள். கையில் டீ இல்லை. புடவையைத் தூக்கி இடுப்பில் செருகியிருந்தாள். டிராக்டரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள், படியில் ஒரு காலை வைத்தாள், மகளை நிமிர்ந்து பார்த்தாள்.

"இறங்குடி. மூணு வண்டியைப் பிரிச்சு என் கையால நான் கட்டி, நான் ஓட்டின வண்டி இது. கிளட்ச் எதுன்னுகூடத் தெரியாத மனுஷன், யாரைக் கேட்டு இதை உனக்கு எழுதி வெச்சாரு?"